கை பொறுக்கும் சூடு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் அக்கா கணவருக்குச் சொந்தமாக ஒரு சாயப்பட்டறை இருந்தது. அங்கே மாமா கையை விட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் தாமிர அண்டாவுக்குள் பட்டு நூல் இறங்கும். சூடு குறைந்தால் சாயம் ஏறாது, கூடினால் பட்டின் பளபளப்புப் போய்விடும். அளந்து பார்க்கக் கருவி எதுவும் அன்றைக்கு எங்களிடம் கிடையாது. சாயக்காரன் நாலு விரலைத் தண்ணீரில் விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். கை தானாக எந்த எண்ணில் வெளியே வருகிறதோ அதுதான் கணக்கு. அதிகம் எண்ணுகிறவன் கெட்டிக்காரன் என்று ஒரு பெயரும் உண்டு.

மற்றவர்கள் ஐந்து, ஆறில் கையை உதறிக்கொண்டு எடுப்பார்கள். மாமா இருபது வரை போவார்.

இதை ஊரெல்லாம் பரப்பியவன் நான்தான். அப்போது நான் ஒரு பழைய கார் வைத்திருந்தேன். கல்யாணப் பட்டெடுக்க வருகிறவர்களை ரயிலடியிலிருந்து ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோய் விடுவது தொழில். போகிற வழியில் சாயப்பட்டறைக்குள் கூட்டிப்போய், "எங்க மாமா கைய பாருங்க சார்" என்று காட்டுவேன். அவர் கையை விடுவார், நான் உரக்க எண்ணுவேன். பதினைந்தைத் தாண்டும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே நிற்பார். கோயில் யானையைக் காட்டுகிற மாதிரி என் சொந்த மாமாவைக் காட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே நாலு அறை விடத் தோன்றுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமா ரசஞ்சோறு பிசைந்தார். ஆள்காட்டி விரலின் தோல் உறை மாதிரி கழன்று சோற்றோடு வந்தது. அவருக்குத் தெரியவில்லை, அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தார். அக்காதான் அலறிக்கொண்டு இலையை இழுத்தாள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் மாமாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, குண்டூசியால் விரலில் குத்தினார். ஐந்து விரலிலும் குத்தினார். "எந்த விரல்ல குத்தினேன்?" என்று கேட்டார்.

"நீங்க இன்னும் குத்தவே இல்லியே சார்" என்றார் மாமா.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் பெரிய வியாதி, குஷ்டம் என்று சொல்லிவிட்டார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நோய் நின்றுவிடும், ஆனால் கையில் போன உணர்ச்சி போனதுதான், இனிமேல் கையைச் சூட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்றார். இருபது எண்ணிக்கையின் ரகசியம் எனக்கு அங்கேதான் விளங்கியது. ஊரே கெட்டிக்காரத்தனம் என்று மெச்சியது வியாதியை. கைதட்டி மெச்சினோம், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்காவின் காதில் டாக்டர் சொன்னது ஏறவே இல்லை. சூரத்துக்குப் போய் ஜரிகை வாங்கி வருகிற பாய் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவரிடம் வியாதியைச் சொல்லாமல் சும்மா பேச்சுக் கொடுத்தாள்.

"பம்பாய்க்கு வடக்கே ஒரு எடம் இருக்குதுமா" என்றார் பாய். "அடுப்பு இல்ல, வெறகு இல்ல, ஜமீனே, அதான் பூமியே, தானா தண்ணிய கொதிக்க வைக்குது. சொறி, செரங்கு, வாதம்னு ஜனங்க வந்து குளிச்சிக்கினே இருக்காங்க. சுத்தி இருக்கற கல்லுகூட எரிஞ்ச கல்லுதான்."

அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டாள். "சூட்டால போனது சூட்டாலதான் வரும். வண்டிய எடுறா" என்றாள்.

"ரயில்ல போலாமே. மூணு நாள் ரோடுக்கா" என்றேன்.

"ரயில்ல ஏத்தமாட்டாங்களாம். யாராவது பாத்துட்டு எறக்கி உட்டா?" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயப்பொடி விசாரிக்கப் போகிறோம் என்று தெருவில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நான், அக்கா, மாமா, மூன்றே பேர்.

பெங்களூர் வரைக்கும் அக்கா ஓயாமல் பேசினாள். குணமானதும் எந்தச் சாமிக்கு என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக நேர்ந்துகொண்டே வந்தாள். கச்சபேஸ்வரர், காமாட்சி, வரதர் என்று காஞ்சிபுரத்துச் சாமிகள் தீர்ந்து, வழியில் தென்பட்ட கன்னடத்துச் சாமிகளுக்கும் ஆளுக்கு ஒரு தேங்காய் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டர் சொன்னது என் காதில் ஏறியிருந்தது, அதுதான் காரணம். ஓட்டலில் நிறுத்தினால் மாமா இறங்கமாட்டார். அக்கா இலையில் வாங்கிவந்து காருக்குள் கொடுப்பாள். அவர் விரல்களைத் துண்டால் மூடிக்கொண்டு சாப்பிடுவார்.

இரண்டாம் நாள், அக்கா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது, மாமா மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், ரெண்டு வருசமா நான் கையால பாக்கறதே இல்ல. ஆவி எப்டி எழும்புது, குமிழி எப்டி வருதுன்னு கண்ணாலதான் பாத்துக்கினு இருந்தேன். கைய சும்மா உள்ள வச்சிப்பேன். நீ எண்ணுவ."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா மாமா?"

"கை கெட்டிப்பட்டுப் போச்சி, தொழில் அப்டின்னுதான் நெனச்சேன். நீங்கல்லாம் வேற சந்தோசப்பட்டீங்களா..." என்று நிறுத்திக்கொண்டார்.

நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

மூன்றாம் நாள் புனா தாண்டி மலைப்பாதையில் கார் கொதித்துவிட்டது. ஓரங்கட்டி முன்மூடியைத் திறந்து வைத்தேன். ஆறட்டும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தேடிப் போனேன். திரும்பி வருவதற்குள் மாமா எனக்கு உதவுவதாக நினைத்து, ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் திருகிக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தல் மலையெல்லாம் கேட்டிருக்கும். அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். நல்லவேளை, மூடி கழலவில்லை. ஆனால் உள்ளங்கையில் மூடியின் வட்டம் அப்படியே சிவந்து பதிந்திருந்தது. "ஒண்ணுமில்ல மச்சான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் அப்போது இல்லை. அக்கா தேங்காய் எண்ணெயைத் தடவித் துணி சுற்றினாள். அதற்குப் பிறகு அவளும் சாமிகளைக் கூப்பிடவில்லை.

பாய் சொன்ன தான்சா ஆற்றங்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது உச்சிவெயிலில். சுற்றிலும் கறுத்த மலைகள், கறுத்த பாறைகள். எத்தனையோ காலத்துக்கு முன்னால் எரிமலைக் குழம்பு வழிந்து ஆறி இறுகிய பூமி அது என்று பின்னால் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாய் சொன்ன எரிந்த கல் பொய்யில்லை. ஆற்றோரமாகக் குண்டங்கள், கல் கட்டிய வெந்நீர்த் தொட்டிகள், இருந்தன. வாணலியில் கருகிய வாடை மாதிரி, கந்தக வாடை மூக்கில் ஏறியது. முதல் குண்டத்தில் கால் வைத்த ஒருவர் துள்ளிக் குதித்ததைப் பார்த்து அக்கா முகம் மலர்ந்தது. அத்தனை சூடு.

அங்கே கூட்டமாக இருந்தது. மாமா துணி சுற்றிய கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, தள்ளிப் போகலாம் என்று கண்ணால் காட்டினார். ஆற்றை ஒட்டிக் கடைசியாக ஒரு சின்னக் குண்டம் இருந்தது, ஆளே இல்லை. ஏன் ஆளில்லை என்று கேட்க எங்களுக்குப் பாஷை தெரியாது. அக்கா துணியை அவிழ்த்தாள். மாமா குனிந்து தண்ணீரை உற்றுப் பார்த்தார். அந்த வெயிலில் ஆவி தெரியவில்லை, குமிழியும் இல்லை. அவருடைய கண்ணுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

வலது கையை மணிக்கட்டு வரை விட்டார். என் வாய் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கிவிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ஐந்தில் மாமா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அப்பா! சுடுதுமா!" என்றார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. டாக்டரையும் அவர் குண்டூசியையும் மனசுக்குள் திட்டினேன். அந்தச் சூட்டை நானும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் குனிந்து கையை விட்டேன்.

தண்ணீர் சூடாகவே இல்லை. கரைப்பக்கம் கல் பெயர்ந்து, ஆற்று நீர் உள்ளே புகுந்து கலந்துகொண்டிருந்தது. பச்சைக் குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் வெதுவெதுப்பு.

நான் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, விரல்களை உதறி ஊதிக்கொண்டிருந்தார். சூடு பட்டவன் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். ஐந்தில் ஏன் எடுத்தார் என்பதும் எனக்குப் புரிந்தது. மற்ற சாயக்காரர்கள் எடுக்கிற எண் அது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, தானும் கையை விட்டாள். தடுக்க நினைத்தேன், முடியவில்லை. அவள் கை தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. சாயக்காரர் பெண்டாட்டி, அவளுக்குச் சூடு தெரியாதா?

"ஆமாங்க, நல்லாத்தான் சுடுது" என்றாள்.

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். அந்தச் சந்தோஷத்தில், மூன்று நாள் தூசியைக் கழுவ, இரண்டு கையாலும் அதே தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். முகத்தில் உணர்ச்சி எங்கேயும் போகவில்லையே. அள்ளிய கை அங்கேயே நின்றது. தாடையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அக்காவைப் பார்த்தார். அவள் துணியை நீட்டினாள்.

"தொடச்சிக்குங்க. கெளம்பலாம்" என்றாள்.

கொதிக்கிற குண்டங்கள் அந்தப் பக்கம் நாலைந்து இருந்தன. அங்கே போய்ப் பார்க்கலாம் என்று மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை. நான் வண்டியைத் திருப்பினேன்.

மாமா மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டார். நோய் நின்றது, ஆனாலும் விரல்கள் மடங்கியே போயின. பட்டறையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். நான் சாயங்காலங்களில் போவேன். அக்கா மூவருக்கும் காபி போடுவாள். எனக்கும் அவளுக்கும் கொதிக்கக் கொதிக்க. மாமாவின் டம்ளரை மட்டும் ஆற்றி ஆற்றி, பச்சைத் தண்ணீராக ஆன பிறகுதான் அவர் கையில் தருவாள். அவர் மடங்கிய விரல்களுக்கிடையில் டம்ளரை வாங்கி, "நல்ல சூடுமா" என்பார், ஒவ்வொரு நாளும். பிறகு ஒரு வாய் குடிப்பார். குடித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். மீதியையும் குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் நீட்டுவார்.