மைலோவுக்காகத் திறந்த கராஜ் குசினி

யோகா அன்ரி வீட்டில் இரண்டு குசினிகள். உள்ளே இருப்பது மரக்கறிக்கு. மற்றது கராஜில், புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில். அங்கேதான் அவருடைய கணவர் மீனும் இறைச்சியும் சமைப்பார். அவர் இறந்தபின் அந்த அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை. மீன், இறைச்சி என்று எந்த மச்சத்தையும் அன்ரி கையால் தொட்டே பல வருடங்கள்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, அடுத்தது எங்கே என்று தெரியாமல், டூங்கபி என்ற புறநகரில் அவருடைய பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தபோது அந்த அடுப்பு மறுபடி எரிந்தது. காரணம் மைலோ.

மைலோ, அன்ரியின் மகன் சுகிர்தன் வளர்த்த லாப்ரடோர். மெல்பேர்னில் வேலை கிடைத்துப் போனவன், "கொஞ்ச நாளைக்குத்தான் அம்மா" என்று விட்டுப்போனான். முதலில் நாயைத் தொட்டால் கை கழுவிய அன்ரி, இப்போது அது படுக்கும் கதிரையில் யாரையும் இருக்க விடுவதில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள் மைலோ வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டது. கணையம் வீங்கியிருக்கிறது, எண்ணெய்ப் பண்டம் கூடவே கூடாது, மறுபடி வந்தால் தப்புவது கடினம் என்றார் மிருக வைத்தியர்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அன்ரிக்குத் தெரியும். அவருடைய தமையன் கணேசலிங்கம் அங்கிள் ஞாயிறுதோறும் மெரிலேண்ட்ஸிலிருந்து வருவார். வரும்போது ஹரிஸ் பார்க் கடையில் ஒரு பை உழுந்து வடை வாங்கிவருவார். தனக்கொன்று, மைலோவுக்கொன்று.

"அண்ணை, அதுக்கு எண்ணெய் கூடாதாம். டொக்டர் சொன்னவர்."

"நாய்க்கும் டயற்றோ! வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிற சீவனுக்குக் குடுக்காமல் நான் எப்பிடித் தின்னுறது?"

தகப்பன் இல்லாத வீட்டில் அன்ரியை வளர்த்துக் கலியாணம் செய்துவைத்த தமையன். அதற்குமேல் அன்ரிக்கு வாய் வராது.

"குடுக்கிற கையை நிப்பாட்டேலாது பிள்ளை" என்றார் என்னிடம். "அந்தக் கைக்கு வேறை ஏதாவது குடுக்கோணும்."

முதலில் பூசணிக்காயை அவித்து அரிசிமாவில் குழைத்துச் சுட்டார். வாசத்துக்கு வெங்காயமும் போட்டார். நாய்க்கு வெங்காயம் நஞ்சு என்று மிருக வைத்தியரின் கிளினிக்கில் வேலை செய்யும் பெண் போனில் அலற, தட்டோடு குப்பைக்குப் போனது. அடுத்தது வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளி, மெல்லிசாகச் சீவி ஓவனில் காயவைத்தது. மைலோ முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. கோழி நெஞ்சிறைச்சி சேர்த்துப் பாருங்கள், தோல் வேண்டாம், உப்பும் வேண்டாம் என்றாள் அந்தப் பெண்.

அன்ரி போனை வைத்துவிட்டுக் கராஜ் கதவைப் பார்த்தார்.

"நான் செய்யிறன் அன்ரி" என்றேன்.

"நீ எப்ப பிளேன் ஏறுவாயோ ஆருக்குத் தெரியும்? நான்தான் பழகோணும்."

சனிக்கிழமை கையுறை போட்டு, மூக்கைச் சேலைத் துண்டால் கட்டிக்கொண்டு கராஜைத் திறந்தார். கோழியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தபடியே வெட்டினார். விரலையும் சேர்த்து வெட்டிவிடுவாரோ என்று பயந்தேன். அவித்து, தும்பாகப் பிய்த்து, மசித்த கிழங்கோடு பிசைந்து, சின்னச் சின்ன வட்டமாகத் தட்டி, மொறுமொறுவென்று வரும்வரை சுட்டோம். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள் குசினிக்குள் போனார்.

ஞாயிறு பின்னேரம். வெளிமேசையில் வடைப் பைக்குப் பக்கத்தில் அந்தத் தட்டை வைத்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் அங்கிள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார்.

"பிஸ்கட் நல்லாத்தான் கிடக்கு யோகா. உப்புத்தான் காணாது."

"ஐயோ அங்கிள், அது மைலோவின்ரை!" என்றேன்.

"இருந்தால் என்ன? எனக்கும் பிரஷர், உப்புக் கூடாது" என்று மென்றுகொண்டே இருந்தார். "கோழியோ இது? ஆர் சமைச்சது?"

அன்ரி கோப்பைகளை மேசையில் வைத்தார். "நான்தான் அண்ணை."

மெல்லுவது நின்றது. அங்கிள் தங்கையின் கைகளைப் பார்த்தார். "நீயோ? கோழியோ?"

"ஓம்."

"அவ்வளவுக்கு வருத்தமோ அதுக்கு?"

"இன்னொருக்கா வந்தால் தப்பாதாம்."

மைலோ வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்து வடைப் பையையே பார்த்தது. அங்கிள் பையின் வாயைச் சுருட்டி என் பக்கம் தள்ளிவிட்டு, பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இதிலை எத்தினை குடுக்கலாம்?"

"ரெண்டு" என்றார் அன்ரி.

"ரெண்டே ரெண்டோ? உன்ரை குடுக்கிற கை நல்லாச் சுருங்கிப்போச்சு."

இரண்டையும் எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத் தன் உள்ளங்கையில் குவித்தார். பிறகு ஒவ்வொன்றாக நீட்டினார். "அவசரப்படாதை ராசா. இன்னும் கிடக்கு, இன்னும் கிடக்கு."