அரிசிப் பானைக்குள் மோகனம்

உப்பளக் காற்று பட்டால் எதுவும் நமுத்துப்போகும். அப்பளம், தீக்குச்சி... எங்கள் வீட்டில் கூடுதலாக, கம்ப்யூட்டர் அட்டைகள்.

எழுபதுகளின் மரக்காணம். என் தங்கை வசந்தா ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். பாட்டும் முறையாகக் கற்றவள். மோகன ராகத்தில் எந்த ஸ்வரத்துக்குப் பின் எது வரலாம், எங்கே நிற்கலாம் என்று விதிகளாக எழுதி, மெட்ராஸில் ஒரு கல்லூரி கம்ப்யூட்டரில் வேலை பார்த்த சித்தப்பா மகன் ரகுவுக்கு அனுப்புவாள். அவன் அவற்றை அட்டைகளில் துளையிட்டு, சரிபார்க்கக் கொண்டுவந்து தருவான்.

நமுத்த அட்டையை மெஷின் விழுங்காது. அதனால் ரகு திரும்ப எடுத்துப்போகும்வரை வசந்தா அவற்றை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். அம்மா உலை வைக்கப் போனால் முதலில் மோகனம்தான் கையில் தட்டுப்படும்.

மெஷின் கட்டுக்கட்டாகக் காகிதத்தில் மெட்டுகளைத் துப்பியது. வசந்தா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தாள். பெரும்பாலானவை விதிப்படி நடந்தன, எங்கும் போய்ச் சேரவில்லை... சர்க்கார் ஆபீஸ் போல.

ஒன்றே ஒன்று அவளுக்குப் பிடித்தது. அதிலும் சந்தேகம். தான் போட்ட கணக்கு என்பதால் பிடிக்கிறதா, நிஜமாகவே அது பாட்டா? எங்களைக் கேட்டுப் பயனில்லை. அவள் எதைப் பாடினாலும் தலையாட்டும் வீடு.

அந்தச் சமயத்தில் திண்டிவனத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரி முடிந்ததும், பெண் பாடுமா என்றார்கள். அவள் அந்த மெட்டையே பாடினாள். வார்த்தை இல்லாமல், வெறும் ஸ்வரமாக.

மாப்பிள்ளையின் அம்மா கண்மூடிக் கேட்டார். இன்னொரு தடவை பாடச் சொன்னார். பிறகு, யார் கட்டின பாட்டு என்று விசாரித்தார். ஏதாவது ஒரு மகானின் பெயரைச் சொல்லியிருந்தால் தை மாதமே கல்யாணம்.

"மெட்ராஸ்ல ஒரு மெஷின் போட்டதுங்க" என்றாள் வசந்தா.

"நாங்க குடும்பத்துக்குப் பொண்ணு பாக்க வந்தோம்மா" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார்.

பஸ் ஸ்டாப் எங்கள் வீட்டுக்கு எதிரில். பஸ் வரவில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் எங்கள் கண்ணெதிரிலேயே நிற்கவேண்டியதாயிற்று. அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் காற்றில் ஒரு முணுமுணுப்பு வந்தது. அந்த அம்மாதான். அதே மெட்டு!

வசந்தா ஜன்னலுக்கு ஓடினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, ரெண்டாவது வரில பஞ்சமத்துல நிக்கணும். அவங்க தைவதத்தைத் தொட்டுட்டு எறங்குறாங்க. என் விதில அதுக்கு எடமே இல்ல... ஆனா அதான் நல்லா இருக்குது."

கைவிட்டுப்போன சம்பந்தத்தைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான். மறுநாளே ரகுவுக்குப் புது விதி ஒன்று தபாலில் போனது. வேண்டாம் என்று எழுந்துபோன அம்மாவுக்கு மெஷினில் தனியாக ஓர் அட்டை.

இப்போது என் மகள் போனில் நாலு வார்த்தை தட்டுகிறாள். மெட்டு, தாளம், வாத்தியம் எல்லாம் நொடியில் வந்துவிடுகின்றன. சுத்தமாகவும் இருக்கின்றன. போன வாரம் வசந்தா ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒன்றை முழுக்கக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னாள்.

பிறகு, "இத யாராச்சும் பாடிப் பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு அத்தை?" என்றாள் மகள்.