தண்ணீர் ஏறாத மேடு

இலங்கை மலைநாட்டில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடிய ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். நோட்டன் பிரிட்ஜிலிருந்து தலவாக்கலை வரைக்கும் விளக்கு எரியப்போகிறது என்று பேச்சு. வேலைக்காரச் சனம் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்திலும் எரியுமா என்று நான் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போனார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். கேள்வி கேட்கிற வியாதி அங்கேதான் தொற்றியது. அதனாலேயே கங்காணிக்கு என்னைக் கண்டால் ஆகாது.

அளக்க வந்தவர்கள் சரிவெல்லாம் சிவப்புக் கொடி நட்டார்கள். கொடிக்குக் கீழே இருப்பதெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். பழைய லயம், மாரியம்மன் கோயில், ஆற்றோரத்துத் தேயிலை எல்லாம் கொடிக்குக் கீழே. செத்தவர்களைப் புதைக்கிற புதைகாடு மட்டும் தனி மேட்டில் இருந்தது. “அங்க தண்ணி ஏறாது, பயப்படாதீங்க” என்று தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் சொன்னபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மகள் அந்த மேட்டில்தான் இருந்தாள். மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். அவளுக்குப் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை.

எங்களையும் கோயிலையும் மேலே மாற்றியபோது பூசாரி பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் புது இடத்தில் போட்டார். அதன் பிறகுதான் அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். பிடிமண் வராமல் சாமியும் வராது, செத்தவர்களும் வரமாட்டார்கள் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. புதைகாட்டிலிருந்து மட்டும் ஒருவரும் மண் எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? அங்கேதான் தண்ணீர் ஏறாதே.

சொன்னபடியே தண்ணீர் ஏறவில்லை. சுற்றிக்கொண்டது. மேடு நனையுமா நனையாதா என்றே பேசிக்கொண்டிருந்தோமே தவிர, மேட்டுக்குப் போகிற பாதை பள்ளத்தில் கிடக்கிறது என்பது இத்தனை பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து மூடுபனி விலகியபோது எங்கள் பிள்ளைகளெல்லாம் அக்கரையில் இருந்தார்கள். நாங்கள் இக்கரையில் வாய் பிளந்து நின்றோம்.

அடுத்த வருஷம் பறவைகள் வந்தன. கன்னங்கரேலென்று, நீண்ட கழுத்தோடு, மீனுக்காகத் தண்ணீரில் முங்கி முங்கி எழும் பறவைகள். சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த என் புருஷன் பார்த்தவுடனே சொன்னார்: “இதெல்லாம் கடலோரத்துல பாத்தது. இந்தக் குளிருக்குள்ள எப்படி வந்துச்சோ?” மேட்டிலிருந்த, தைல வாசமடிக்கும் டர்பன்டைன் மரங்களில் அவை கூடு கட்டின. மேட்டின் ஓரமெல்லாம் மண் கரைந்து பாறை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வெயில் வந்தால் பறவைகள் அந்தப் பாறைகளில் வந்து நின்று இரண்டு இறக்கைகளையும் விரித்தபடி அசையாமல் இருக்கும். ஈரம் காய்வதற்குத்தான் என்று இப்போது தெரியும். அப்போது எனக்கு அது, தூக்கச் சொல்லிக் கை நீட்டுகிற பிள்ளையாகத்தான் தெரிந்தது.

எனக்கு மட்டுமா? அடுத்த வீட்டுக்காரிக்கும் ஒரு மகன் அந்த மேட்டில் இருந்தான். இருவரும் ஒரே நிரையில் கொழுந்து எடுப்போம். மலையில் நின்றால் தீவு நேர் எதிரே தெரியும். “அங்க பாரு, எம்புள்ள வந்துட்டான்” என்பாள். நானும் என்னுடையதைத் தேடுவேன். தண்ணீரோரமாக ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அதில் தினமும் ஒரு பறவை தனியாக நிற்கும். என் மகளைப் புதைத்த இடம் அந்தப் பக்கம்தான். அதனால் அந்தப் பறவை என்னுடையது என்று வைத்துக்கொண்டேன். அது வராத நாளில் கூடை நிறையாது. கங்காணி கத்துவார். கத்தட்டும், அவருக்கென்ன, அவர் பிள்ளைகள் ஐந்தும் வீட்டில் இருக்கின்றன.

“மீன் திங்கிற பறவைக்கும் நம்ம புள்ளைக்கும் என்னா புள்ள சம்பந்தம்?” என்று புருஷன் கோபப்படுவார். பிறகு அவரே தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று அந்தப் பக்கம் பார்ப்பார். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட மனு தள்ளுபடியானது. திருச்சிப் பக்கம் அவருடைய அண்ணன் இருந்தார். அங்கே போய்விடலாம் என்று முடிவெடுத்து இந்தியப் பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார். நான் ஒரே ஒரு சொல்தான் சொன்னேன்.

“எம்மகளோட பிடிமண் இல்லாம நான் ரயில் ஏற மாட்டேங்க. நீங்க வேணும்னா போங்க.”

அவர் சண்டை போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரியில் வலை போடுகிற சிங்களவர் ஒருவரை அழைத்துவந்தார். படகு என்று பெயர்தான், உள்ளே பாதி தண்ணீர். ஒருவரைத்தான் ஏற்ற முடியும் என்றார் படகுக்காரர். அடுத்த வீட்டுக்காரி கரைக்கு ஓடிவந்து, “எம்மகனையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வா” என்றாள். நான் படகில் கால் வைக்கத் தயங்குவதைக் கண்டு படகுக்காரர், “பய வெண்ட எபா, நங்கி” என்றார். பயப்படாதே தங்கச்சி என்று அர்த்தம். நான் பயந்தது தண்ணீருக்கு அல்ல.

தீவை நெருங்கும்போதே மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. பறவைகள் ஒன்றாக எழும்பி வானத்தை மறைத்தன. குஞ்சுகள் மட்டும் கூடுகளிலிருந்து செக்கச்செவேலென்ற வாயைத் திறந்து கத்தின. ஏறிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம் மூடி, எது மண், எது கல், எது யாருடைய குழி என்று ஒன்றும் தெரியவில்லை. வைத்த அடையாளக் கல் ஒன்றுகூட வைத்த இடத்தில் இல்லை. மழையில் சரிந்து எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன.

என் மகள் இரண்டு டர்பன்டைன் மரங்களுக்கு நேர் கீழே, சரிவில் இருந்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டும் விளிம்பில் நின்றன. வேர்கள் வெளியே தொங்கின. அவற்றுக்குக் கீழே மண்ணே இல்லை. அலை அரித்து அரித்து அந்தச் சரிவு முழுவதையும் ஏரி தின்றுவிட்டிருந்தது. நான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக் கல், மண் போனதும் தலைகாட்டிய பாறை. அங்கே யாரும் இருந்ததில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏறாது ஏறாது என்று சொன்ன வாய்களையெல்லாம் திட்டினேன். பறவைகள் திரும்பி வந்து என்னைச் சுற்றி இறங்கின. ஒன்று மிகப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வந்து நின்று இறக்கையை விரித்தது. அதன் கண் பச்சையாக இருந்தது. அது என்னைப் பார்த்தது. என்னை அடையாளம் தெரிந்த பார்வை அல்ல அது.

படகுக்காரர் கீழேயிருந்து கூப்பிட்டார். வெறுங்கையோடு இறங்க என்னால் முடியவில்லை. எச்சத்தைச் சுரண்டி, காலடியில் இருந்த கறுப்பு மண்ணை ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்தேன்.

கரையில் அடுத்த வீட்டுக்காரி நின்றிருந்தாள். “எம்புள்ள நல்லா இருக்கானா?” என்று கேட்டாள். “இருக்கான்” என்றேன். என் முந்தானை முடிச்சை அவள் ஒருதரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். கடலில் நீட்டிக்கொண்டிருந்த பாறைகளில் அதே பறவைகள் இறக்கை விரித்து நின்றன. புருஷன் காட்டினார். நான் மடியிலிருந்த முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

மண்ணை புருஷனின் அண்ணன் வீட்டுக் கொல்லையில் போட்டு மேலே ஒரு கல் வைத்தோம். தை பிறந்தால் அதன் முன்னால் இலை போட்டு, சோறு வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். புருஷன் மகளின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவர் கூப்பிட்டு முடித்து எழுந்து போகும்வரை காத்திருப்பேன். பிறகு குனிந்து, அந்தக் கல்லுக்கு மட்டும் கேட்கும்படி, “நீ யாரு பெத்த புள்ளையோ, சாப்பிடு கண்ணு” என்பேன்.