தினமும் ஒரு வாசகர்

பின்லாந்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் தபால்பெட்டி தனியாகக் கிடையாது. கதவிலேயே நீளவாக்கில் ஒரு துளை. அதற்கு மேல் எல்லா வீடுகளிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: விளம்பரம் வேண்டாம். என் கதவில் மட்டும் இல்லை. அதனால் தக்காளி விலை, மெத்தை விலை, தேர்தல் வேட்பாளரின் சிரித்த முகம் எல்லாம் என் வீட்டுக்குள் வந்து விழும். மொழி அரைகுறைதான் என்றாலும் ஒரு புரட்டு புரட்டுவேன். நம்மைத் தேடி ஏதோ வருகிறதே என்றிருக்கும்.

எதிர்வீட்டுக்காரர் பெயர் மார்க்கு, வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். என்னைக் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள் கதவைத் தட்டினார். கையில் ஸ்டிக்கர். "பாவம், உங்களுக்கு நிறையக் குப்பை வருகிறது" என்றார். "பரவாயில்லை, எனக்குப் பிடிக்கும்" என்றேன். என் பின்னிஷ்தான் தப்பு என்று முடிவு செய்து, கோணாமல் பார்த்து அவரே ஒட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு என் வீட்டுக்குள் எதுவும் விழவில்லை.

அதே வாரம் என் வலைப்பூவைத் தாங்கி நிற்கும் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். நெடுநாளாகப் புதிய பதிவு இல்லாத பக்கங்களை நீக்கப் போகிறார்களாம். அது நான் புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இருந்தபோது ஆரம்பித்த பக்கம். டவுன் பஸ்ஸில் கண்டது, கேட்டது என்று எழுதுவேன். அந்த வட்டாரத்தில் என்னைப் போல ஒரு கூட்டமே இருந்தது. ஒருவர் எழுதினால் மற்றவர்கள் வந்து 'அருமை, தொடருங்கள்' என்று பின்னூட்டம் போடுவார்கள். மொய் மாதிரிதான், திருப்பிச் செய்யாவிட்டால் நம் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வராது. மண்டபம் பிடித்துப் பதிவர் சந்திப்புகூட நடத்தினோம். வந்தவர்கள் எல்லோரும் எழுதுகிறவர்கள். படிக்கிறவர் என்று தனியாக யாரும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக முகநூலுக்குப் போனார்கள், அங்கிருந்து வீடியோவுக்கு. தத்துவம் எழுதிய ஒருவர் இப்போது மீன்குழம்பு வைத்துக் காட்டுகிறார். தத்துவத்தைவிட நன்றாகவே வருகிறது. வலைப்பூவின் காலம் முடிந்ததா என்று என்னைக் கேட்டால், மண்டபத்தில் விளக்கை அணைக்க நான் ஒருவன்தான் மிச்சம்.

அம்மா போன பிறகு ஒரே ஒரு பதிவு எழுதினேன். அதோடு நிறுத்திவிட்டேன். ஆனாலும் பக்கத்தை மூடாததற்குக் காரணம் உண்டு. தினமும் காலையில் புதுக்கோட்டையிலிருந்து ஒருவர், ஒரே ஒருவர், வந்து பார்த்துவிட்டுப் போவதாக வருகைக் கணக்கு காட்டியது. ஊரில் என்னை நினைக்க இன்னும் ஓர் ஆள் இருக்கிறார் என்பது பெரிய தைரியம். வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ஊர் வந்தபோது, விமான டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்கக் காலையில் திருக்கோகர்ணத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டினார். கம்ப்யூட்டரைப் போட்டார். முதல் வேலையாக ஒரு பக்கத்தைத் திறந்தார். என் வலைப்பூ. மேலே என் பழைய போட்டோ.

"இது யாருங்க?" என்றேன்.

"யாரோ நம்மூர்க்காரரு. வெளிநாட்ல இருக்காராம்."

"நல்லா எழுதுவாரோ?"

"அது தெரியாதுங்க. நெறையப் படம் கெடையாது பாருங்க, சட்டுனு வந்து நிக்கும். நெட்டு வருதான்னு பாக்க இதத்தான் தொறப்பேன். ஒருநா வேற எதையோ தொறந்தேன், அன்னிக்குப் பூரா நெட்டே வரல. அதுலேர்ந்து இவரு மொகத்துலதான் முழிக்கிறது."

நான்தான் அது என்றேன். திரையைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

"இதுல முடி இருக்கேங்க."

"இருந்துச்சு."

எழுதியதில் ஒன்றையாவது படித்திருக்கிறாரா என்று கேட்டேன். "எங்கிட்டுண்ணே நேரம்? ஆளு வந்து நின்னுருவாங்க. கண்ணுல படுறதுதான்" என்றவர், பிரிண்டரில் தாளை அடுக்கிக்கொண்டே ஒப்பித்தார். "இன்று பனி பெய்யவில்லை. இருந்தும் தெருவில் ஒருவரும் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது."

நான் கடைசியாக எழுதிய பதிவின் தொடக்கம் அது. ஒருவரும் பின்னூட்டம் போடாத பதிவு.

"என்னண்ணே நெனவு வந்துச்சு?" என்றார்.

"அம்மா எறந்துட்டாங்கன்னு."

தாளை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "கீழ தள்ளிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

புதிதாக எழுதாவிட்டால் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். கடைக்காரர் பதறிப்போனார். "எழுதுங்கண்ணே, தாராளமா எழுதுங்க. ஆனா மேல இருக்கறது மட்டும் மாறாமப் பாத்துக்கங்க. ராசியான பக்கம்."

பின்லாந்து திரும்பியதும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பதிவுக்கு நாம் விரும்பிய தேதியைப் போடலாம். பழைய தேதி போட்டால் அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே அம்மாவின் பதிவு அப்படியே இருக்கும். கம்பெனியும் அதைப் புதிய பதிவு என்றே ஒப்புக்கொள்கிறது. இப்போது வாராவாரம் எழுதுகிறேன். மார்க்கு, ஸ்டிக்கர், கட்டடத்து வாசலில் முழங்கால் உயரப் பனி, எல்லாவற்றையும். எல்லாவற்றுக்கும் ஊரில் இருந்த வருடங்களின் தேதி. அந்தத் தேதிகளில் அம்மா அடுப்படியில் இருக்கிறாள். நான் வெளியே பனி தள்ளிக்கொண்டிருக்கிறேன்.