பூனைக்கு உப்பு ஆகாது

என் கணவரை நான் ஊரறியப் புகழ்ந்ததில்லை. புகழும்படி அவரும் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை என்றுதான் இருபத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லியனூரை அடுத்த கிராமத்தில் எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கத்தில் டூ வீலர் மெக்கானிக் கடை, பின்பக்கத்தில் நாங்கள். ஆயில் கறை படிந்த கையோடு மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே வருவார், சாப்பிடுவார், போவார். பேச்சு அதிகம் கிடையாது. இதில் புகழ என்ன இருக்கிறது? போன தவக்காலத்தில்தான் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மாற்றியது ஒரு பூனை.

அந்தப் பூனை நாங்கள் தேடிப் போய்க் கொண்டுவந்ததல்ல. ரிப்பேருக்கு வந்த ஒரு ஸ்கூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே கத்திக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர்காரர் தன்னுடையது இல்லை என்று கையை விரித்துவிட்டார். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். என் கணவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, தன் தட்டிலிருந்து மீனை விரலால் மசித்து ஊட்டினார். அன்று தொடங்கிய பழக்கம். ஆறு வருஷமாக அவர் தரையில் சம்மணம் போட்டால் அவருடைய இடது முழங்காலை ஒட்டி அதுவும் உட்கார்ந்துவிடும்.

நாக்கு ருசி கண்ட பூனை. பால் குடிக்காது. நேற்றைய மீனை முகர்ந்துகூடப் பார்க்காது. கடலூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் ஒருமுறை படம் போட்ட பாக்கெட்டில் பூனைத் தீனி வாங்கி அனுப்பினாள். தட்டில் கொட்டியதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்னங்காலால் தரையைப் பிறாண்டி மண் தள்ளுவதுபோலச் செய்தது. எதை மூடுவதற்குப் பூனை அப்படிச் செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அது ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரே பொருள் கருவாடு. கடலோரப் பனித்திட்டு கிராமத்திலிருந்து மொபெட்டில் கருவாடு கொண்டுவரும் அம்மா தெருமுனையில் ஹாரன் அடித்தால் முதலில் வாசலில் நிற்பது அதுதான்.

எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் கவிச்சி கிடையாது. கறி, மீன், முட்டை எதுவும் இல்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னாலேயே கவிச்சி ஆக்கிய சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்து, பரண்மேல் ஏற்றிவிடுவோம். கருவாடும் வீட்டில் தங்கக் கூடாது. யாராவது சாப்பிட்டுத் தீர்த்தாக வேண்டும். போன வருஷம் ஒரு டப்பா நிறைய மிச்சம் இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. சாம்பல் புதனுக்கு முந்தைய மூன்று நாளும் வேளாவேளைக்குப் பூனைக்கே போட்டேன். அது வாலைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டது. புண்ணியமாகப் போயிற்று என்று டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

சாம்பல் புதனன்று காலையில், நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பினால், பூனை குளியலறை மூலையில் குந்திக்கொண்டு முனகுகிறது. ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை. என் கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் அதைச் சாக்குப்பையில் சுற்றி, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, வண்டியில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார். பொடிமணல்போல ஏதோ அடைத்திருந்ததாகச் சொன்னார். "இன்னா சாப்பாடு குடுக்குறீங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். டப்பா விஷயத்தையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒரே நாள்ல வந்தது இல்லம்மா இது. ஆனா இனிமே கருவாடு ஒரு துண்டுகூடக் கூடாது. உப்பே கூடாது. அப்பளத் துண்டு போட்டாகூடத் தப்பு. கோழியை உப்பில்லாம வேகவெச்சு, எலும்பை எடுத்துட்டு, அந்தத் தண்ணியோடயே குடுங்க. கொஞ்சம் பரங்கிக்காய் மசிச்சுப் போடலாம். தண்ணி நிறைய உள்ள போகணும். மறுபடி அடைச்சா காப்பாத்தறது கஷ்டம்."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "பிடிக்கலைன்னு பட்டினி கிடக்க விட்டுடாதீங்க. மூணு நாள் சாப்புடலைன்னா ஈரல் கெட்டுடும்."

தவக்காலத்தில் கோழி! மறுநாள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பிராய்லர் கடைக்குப் போனேன். அப்படியும் பக்கத்துத் தெருக்காரி பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, ஈஸ்டருக்கு இப்பவே ஒத்திகையா?"

"பூனைக்குடி."

"எல்லாரும் அப்படித்தான்கா சொல்லுவாங்க."

அந்த எரிச்சலோடு வந்து, கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, ஒரு புது அலுமினியக் கிண்ணத்தில் கோழியை வேகவைத்தேன். வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறக் கூடாதே. பூனையின் தட்டையும் வீட்டுக்குள் வைக்கவில்லை. குளியலறைக்குப் பக்கத்தில், துணி துவைக்கும் கல் அருகில் வைத்தேன்.

பூனை வந்தது. முகர்ந்தது. தரையைப் பிறாண்டி மண் தள்ளிவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலமும் அதே கதை. அடுத்த நாள் ஈரல் வாங்கிக் கலந்து பார்த்தேன், பரங்கிக்காயை எடுத்துவிட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக, ஆறவைத்து, மசித்து, நார்நாராகப் பிய்த்து, கெஞ்சி, திட்டி. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சாப்பிட்டுத் தொலைக்குமோ என்று உப்பு ஜாடிவரை கை போய்த் திரும்பியது. மூன்றாம் நாள் காலையில் அது எழுந்து நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடியது. என் கையால் போட்ட கருவாடு. நான் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று மத்தியானம் என் கணவர் ரசஞ்சோறு சாப்பிட உட்கார்ந்தார். பூனை தள்ளாடி வந்து, வழக்கம்போல இடது முழங்காலை ஒட்டி உட்கார்ந்து, அவர் தட்டையே பார்த்தது. ஒரு காலைத் தூக்கி அவர் தொடைமேல் வைத்தது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"அந்தக் கிண்ணத்த எடுத்துனு வா."

எடுத்துவந்து கொடுத்தேன். அவர் ரசஞ்சோற்றை ஒதுக்கிவிட்டு, தன் சாப்பாட்டுத் தட்டிலேயே கோழியைக் கொட்டினார்.

"இன்னாங்க இது! தவசு நாள்ல! தட்டுல கவிச்சி படுது!"

அவர் சோறு பிசைவதுபோல அதைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்து, உதட்டருகே கொண்டுபோய், மெல்லுவதுபோலத் தாடையை ஆட்டினார். பிறகு அதே விரல்களைக் கீழே நீட்டினார். பூனை ஒருமுறை முகர்ந்தது. நக்கியது. அப்புறம் விரலோடு கவ்வப் பார்த்தது.

"கோழி புடிக்காம இல்லடி. தனியா துன்ன மாட்றான். நம்ப எல்லாரும் உள்ள துன்றோம், அவன மட்டும் கல்லாண்ட தள்ளி வெச்சா?"

தட்டு காலியாகும்வரை ஊட்டினார். ஓரத்தில் ஒதுக்கிய ரசஞ்சோற்றைச் சாப்பிடவில்லை, அதில் கவிச்சி பட்டுவிட்டதே. கையைக் கழுவிக்கொண்டு, வெறும் வயிற்றோடு கடைக்குப் போய்விட்டார். பைக் எஞ்சினைப் பிரித்துப் போடும் அந்த முரட்டு விரல்கள், கோழியில் ஒட்டியிருந்த மயிரிழை எலும்பைக்கூடத் தடவிக் கண்டுபிடித்து எடுத்ததை நான் அன்றுதான் கவனித்தேன். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை எங்கே இருந்தது?

ஆனால் அதோடு முடியவில்லை. பூனைக்கு ஊட்டிவிட்டு, தட்டைக் கழுவி, தன் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டால், அதிலும் அது பங்கு கேட்டது. சாம்பார், அப்பளம் என்று எல்லாவற்றிலும் மூக்கை நீட்டியது. அவரால் மறுக்க முடியாது. கொடுக்கவும் கூடாது.

"நாளையிலேர்ந்து எனக்கும் உப்பு போடாத" என்றார்.

நான் காதில் விழாததுபோல நின்றேன். காரணம் இருக்கிறது. அவருக்குப் பத்து வருஷமாகப் பிரஷர். உப்பைக் குறைக்கச் சொல்லித் துணைச் சுகாதார நிலைய நர்ஸம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். நான் குறைத்துப் போட்டால், தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவதற்குள் எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவருவார். அதற்காக எத்தனை நாள் சண்டை! அந்த ஆள்தான் இப்போது உப்பு வேண்டாம் என்கிறார்.

இரண்டு நாள் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் தாங்கினார். உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத கீரை, உப்பில்லாத மோர்ச்சோறு. பூனைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாயையும் உதடுவரை கொண்டுபோய் மெல்வதுபோல நடிப்பார். கோழி வாசம் மூக்கில் ஏறும். ஒரு நார்கூட நாக்கில் படவில்லை. ஒருநாள் விடாமல், இரண்டு வேளையும். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போகுமுன் அவசரமாக ஊட்டிவிட்டு வருவார். கோயிலில் என் பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவரின் கையில் சோப்பையும் மீறிக் கோழி வாடை வரும். முதலில் கூச்சமாக இருந்தது. போகப்போக, அந்த வாடை எனக்குப் பெருமையாகவே இருந்தது. உண்மையான தவசு அதுதான் என்று தோன்றியது.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் பூனையை மறுபடி கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். மணல் இல்லை.

"யாரு ஊட்டினது? பாதிப் பேர் ஒரே வாரத்துல விட்டுடுவாங்க."

நான் என் கணவரைக் கைகாட்டினேன். அவர் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனா இது வாழ்நாள் முழுக்கத்தான். மறுபடி உப்பு ஆரம்பிச்சா மறுபடி வரும்."

ஈஸ்டர் வந்தது. பரணிலிருந்து சட்டிகள் இறங்கின. விடிவதற்குள் ஆட்டுக்கறி வாங்கி, மசாலா அரைத்து, அவருக்குப் பிடித்த மாதிரி கெட்டியாகக் குழம்பு வைத்தேன். அன்று ஒரு நாள் மட்டும் பிரஷரை மறந்து, உப்பும் காரமும் தூக்கலாக. இத்தனை நாள் வாயைக் கட்டியவர் முதல் வாயை எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. பூனைக்குத் தனியாகக் கோழி வெந்திருந்தது. அவர் உட்கார்ந்தார். பூனையும் உட்கார்ந்தது. நான் குழம்புக் கரண்டியைத் தூக்கினேன். அவர் தட்டைக் கையால் மறைத்தார்.

"எனக்கும் அவனோட கோழியிலயே வைடி."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கரண்டியைச் சட்டியில் போட்டேன்.

"பத்து வருஷமா நான் தொண்ட கிழியச் சொன்னேன். ஒரு நாள் கேட்டீங்களா? பூனைக்குன்னா கேக்குது, எனக்குன்னா கேக்கலையா?"

அவர் நிமிரவில்லை. விரலால் எலும்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"நீ சொல்லுவ. உப்பு இல்லாததக் கொண்டாந்து வெச்சுட்டு உள்ள போயிடுவ. நான் ஒத்தயா உக்காந்து அத்தத் துன்னணும். இவன் அப்படியா? கூடவே உக்காந்து அதையேதான துன்றான்."

இருபத்தெட்டு வருஷமாக நான் எல்லோருக்கும் வைத்து முடித்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறவள். அது என் கடமை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது ஒரு குறையாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

நான் உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்துவந்தேன். அவருடைய வலது பக்கம் காலியாகத்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கோழியைப் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். சகிக்கவில்லை. பூனை ஒருமுறை எட்டி என்னைப் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கியது. நாங்களும் சாப்பிட்டோம்.