அப்புச்சி கல்லறைக்குப் போன கல்

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆயுள் முழுக்கப் பண்ணை வேலை பார்த்தவர்; கூலி வாங்கவும் சோறு வாங்கவும் வரிசையின் கடைசியில்தான் அவரை நிற்கவைப்பார்களாம். அவர் போன மறுவருஷ மழையில் கல்லறை மேடு பாதி கரைந்துவிட்டது. இன்னொரு மழை அடித்தால் அவர் இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். சிமெண்டு பூசலாம் என்றார்கள். அம்மா கேட்கவில்லை. தோட்டத்துக் கிணறு வெட்டியபோது அப்புச்சி பெயர்த்தெடுத்த பலகைக்கல் ஒன்று, கட்டில் அகலத்துக்கு, வரப்போரம் கிடந்தது. அதுதான் வேண்டும் என்றாள். தோட்டத்துக்காரரும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பொறுப்பை மாமா ஏற்றார். பிரமிடு கட்டிய கதையை டிவியில் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. மரச்சட்டத்தில் கல்லை ஏற்றி, முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருமாம்.

"அந்தக் காலத்துலயே இப்பிடித்தானுங்கக்கா இழுத்தாங்க!"

அவர்கள் இழுத்தது மணலில். எங்களுடையது கரிசல். தெருவே கூடிக் குடம் குடமாக ஊற்றியதில் சட்டம் சேற்றுக்குள் சுகமாக உட்கார்ந்துகொண்டது. மாமா கல்லைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். பாவம், இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அப்புறம் காட்டு யானை சாய்த்துப்போட்டிருந்த தென்னைகளைத் துண்டுபோட்டு, கடப்பாரையால் நெம்பி, கல்லை அவற்றின்மேல் ஏற்றிக் கயிறு கட்டி இழுத்தார்கள். அது நகர ஆரம்பித்த நேரம் தோட்டத்துக்காரர் வந்தார்.

"ஏனம்மிணி, டிராக்டரக் கொண்டாரச் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. எங்கப்பன் கையால எடுத்த கல்லு. நாங்களே கொண்டுபோயிக்கிறோமுங்க."

அவர் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார்.

"நானும் ஒரு கை புடிக்கட்டுமா?"

அம்மா கயிற்றைக் கீழே விடாமலே திரும்பினாள்.

"புடிங்க. கடைசியில நின்னு புடிச்சுக்குங்க."

இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மாமாவின் முகம் வெளுத்துப்போனது. தோட்டத்துக்காரர் சேற்றில் இறங்கி, வரிசையின் கடைசிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். அம்மா அழுதுகொண்டே இழுத்தாள். அன்று எனக்கு அம்மாமேல்தான் கோபம். வயசானவர், தானாக உதவிக்கு வருகிறார், முன்னால் அவ்வளவு இடம் கிடந்ததே.