மரத்த வாயால் சொன்ன பதில்

கடைவாய்ப் பல் சொத்தையானதால், மகள் செல்வி என்னைத் தென்காசியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். வலது பக்கம் மெல்ல எனக்கு அந்தப் பல் ஒன்றுதான் இருக்கிறது. மரப்பு ஊசி போட்டு, பல் நிறத்திலேயே ஒரு பசையை வைத்து அடைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். பிறகு ஒரு நீலத் தாளைப் பல்லுக்கு நடுவே வைத்து, “கடிச்சுப் பாருங்க ஆச்சி, உயரமா தட்டுதா?” என்று கேட்டார். வாய் மரத்திருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஆட்கள் வேறு காத்திருந்தார்கள். கூச்சத்தில், “சரியா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடித்தது. நாலே நாளில் வலி காது வரை ஏறியது. அடைத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் கஞ்சி குடித்தேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும்போது செல்வி நீட்டிய நேந்திரங்காய் சிப்ஸை நான் வாங்கவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்று ஏசினாள்.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் ஏசவில்லை. “பல்லு நல்லாத்தான் இருக்கு ஆச்சி. அடைச்சது கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்” என்று சொல்லி, திரும்பவும் நீலத் தாளைக் கடிக்க வைத்து, நீலம் பட்ட இடத்தைத் தேய்த்துக் குறைத்தார். இன்னும் இடிக்கிறது என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் தேய்த்தார். அன்று ராத்திரி சோறு சாப்பிட்டேன்.

போன மாதம் இடது பக்கமும் ஒரு பல்லை டாக்டரம்மா அடைத்தார். “சரியா இருக்கா ஆச்சி?” என்று கேட்டார்.

“இப்ப வாய் மரத்துக் கெடக்கும்மா. நாளைக்குச் சாப்பிட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்” என்றேன்.